கிராஃப்ட் பீர்னா என்ன? புதுசா ஒண்ணை ருசிச்சுப் பார்த்து கருத்து சொல்வது எப்படி? காட்டுப்பள்ளி கடற்கரைக்கும் ஐபிஏ-வுக்கும் என்ன தொடர்பு?

காட்டுப்பள்ளி துறைமுகம், எண்ணூர், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் பலர் வேலை விஷயமாகவோ, வார இறுதிக்கோ பெங்களூரு போய் வருகிறார்கள். இந்திரா நகரில் ஏதோ ஒரு பப்பில் உட்கார்ந்தால் மெனு கார்டில் ஹெஃபவைசன், விட்பியர், ஐபிஏ, ஸ்டவுட், சவர் என்று ஏழெட்டுப் பெயர் இருக்கும். ஊரில் 'ஸ்ட்ராங்கா, லைட்டா?' என்ற ஒரே கேள்விக்குப் பழகியவருக்கு இது புது உலகம். பக்கத்து டேபிளில் ஒருவர் மூக்கருகே கிளாஸை வைத்து மோந்து பார்த்துவிட்டு 'வாழைப்பழ வாசனை வருது' என்பார். சும்மா பந்தாவா, இல்லை உண்மையிலேயே வருமா?

உண்மையிலேயே வரும். ஏன் வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எது நல்ல பீர், எது கெட்டுப்போன பீர் என்பதைப் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒன்று. மதுவில் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே குடிப்பவர் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது.

கிராஃப்ட் பீர் அப்படின்னா?

சுருக்கமாகச் சொன்னால், பெரிய ஆலைக்காரர்கள் நாடு முழுக்க ஒரே ருசியில் கோடிக்கணக்கான பாட்டில் போடுவதற்கு மாறாக, சின்ன அளவில், ருசியை முன்னிறுத்தி காய்ச்சப்படும் பீர். அமெரிக்காவில் புரூவர்ஸ் அசோசியேஷன் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது: ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பேரலுக்குள் இருக்க வேண்டும், பெரிய மது நிறுவனத்துக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக் கூடாது. 60 லட்சம் பேரல் 'சின்ன அளவா' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்ம ஊர் பாட்டில்களில் 'கிராஃப்ட்' என்று அச்சிட்டிருந்தால் அதை விளம்பரச் சொல்லாக எடுத்துக்கொள்வதே நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாக்கும், லேபிளின் பின்பக்கமும்தான் சொல்லும்.

இந்தியாவில் இந்த அலை தொடங்கியது புனேவில். 2009-ல் வந்த டூலாலி, நாட்டின் முதல் மைக்ரோ புரூவரிகளில் ஒன்று. பெங்களூரு இந்திரா நகரில் டாய்ட் 2010-ல் வந்தது. பாட்டிலில் இந்த ருசியை ஊர் ஊராகக் கொண்டுபோனது 2015-ல் அறிமுகமான பிரா 91. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. பெங்களூரு மாதிரி காய்ச்சும் இடத்திலேயே உட்கார்ந்து குடிக்கும் கலாசாரம் இங்கே வளரவில்லை. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரிதான். அங்கே ஒரு புரூவரிக்குப் பெயரே 'கேட்டமரன்'. நம்ம கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போய், பீர் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது.

மெட்ராஸ் கடற்கரைக்கும் ஐபிஏ-வுக்கும் என்ன சம்பந்தம்?

கிராஃப்ட் பீர் உலகத்தில் அதிகம் பேசப்படும் ரகம் ஐபிஏ. விரிவு: இந்தியா பேல் ஏல். பெயரில் இந்தியா இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் மது ஆலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல்கள் நிற்கும் பிளாக்வால் துறை அதற்குப் பக்கம். கப்பல் கேப்டன்களுக்கு ஹாட்ஜ்சன் குடும்பம் 18 மாதம் வரை கடன் கொடுத்தது. அவர்கள் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நாலைந்து மாதம் கழித்து கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் வந்து விற்றார்கள்.

அப்போது மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகில் நம்ம ஊர் மீனவர்கள் போய், அலையை உடைத்துக்கொண்டு சரக்கைக் கரைக்குக் கொண்டு வருவார்கள். பீப்பாய் பீரும் அப்படித்தான் கரை சேர்ந்தது. செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1875-ல்தான் தொடங்கியது. 1881 புயல் அதையும் உடைத்துப்போட்டது. இன்று அதே கரையில் கொஞ்சம் வடக்கே காட்டுப்பள்ளியில் ராட்சத கிரேன்கள் கன்டெய்னர் இறக்குகின்றன.

1820-களில் ஹாட்ஜ்சன் கம்பெனி தன் பேராசையால் வியாபாரிகளின் வெறுப்பைச் சம்பாதித்தது. கம்பெனி இயக்குநர் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் ஊரின் ஆல்சாப்பிடம் 'இதே மாதிரி நீங்கள் காய்ச்சிக் கொடுங்கள்' என்று கேட்டார். ஆல்சாப்பின் ஆள் ஒருவர் சோதனைக்காக ஒரு டீ பாத்திரத்திலேயே காய்ச்சிப் பார்த்தார் என்பது பீர் வரலாற்றில் பிரபலமான கதை. பர்ட்டன் தண்ணீரில் இயற்கையாகவே ஜிப்சம் அதிகம். கசப்பு பளிச்சென்று தெரியும். அங்கே காய்ச்சியது லண்டன் சரக்கை விட நன்றாக வந்துவிட்டது.

இங்கே ஒரு தப்பான கதையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'சாதாரண பீர் வழியில் கெட்டுப்போனது, அதனால் ஹாப்ஸை அள்ளிப் போட்டு ஐபிஏ-வைக் கண்டுபிடித்தார்கள்' என்று பப் மெனுவில்கூட எழுதியிருப்பார்கள். பிரிட்டிஷ் பீர் வரலாற்று ஆய்வாளர் மார்ட்டின் கார்னெல் பழைய ஆவணங்களைத் தோண்டி இதை மறுத்தார். கருப்பான போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் வந்து நன்றாகவே விற்றிருக்கிறது. ஹாட்ஜ்சன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த, நாள் வைத்துக் குடிக்கும் ரகம் ஒன்று, கடல் பயணத்தில் சீக்கிரமே பக்குவமாகிவிட்டது. அவ்வளவுதான்.

பிறகு இங்கேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள். தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒன்றாக்கினார். அதில் பழையது 1857-ல் தொடங்கிய கேஸில் புரூவரி. அப்படி உருவானதுதான் கிங்ஃபிஷர் தயாரிக்கும் யுனைடெட் புரூவரீஸ். அந்த நிறுவனத்துக்கு இதே திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்திலும் ஆலை இருக்கிறது.

ருசி எங்கிருந்து வருது?

நாலே பொருள்: தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட்.

தண்ணீர்தான் 90 சதவீதத்துக்கு மேல். காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 2010-ல் இங்கே தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறன் கொண்டது. ஆர்.ஓ. முறையில் உப்பெல்லாம் போன நீருக்கு ருசி சப்பென்று இருக்கும் இல்லையா? நவீன புரூவரிகளும் பல இடங்களில் முதலில் அப்படித் தண்ணீரை வெறுமையாக்கிவிட்டு, வேண்டிய உப்புகளை அளந்து சேர்க்கின்றன. ஐபிஏ-வுக்கு ஜிப்சம், இனிப்பும் வழவழப்பும் வேண்டிய ரகத்துக்கு கால்சியம் குளோரைடு. பர்ட்டன் தண்ணீரை இன்று எந்த ஊரிலும் 'செய்யலாம்'. ஆனால் தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டர் பீர் தயாரிக்க நல்ல ஆலையிலேயே மூன்று லிட்டருக்கு மேல் செலவாகும். கடல் நீர் உள்ளே புகுந்து கிணறு உப்பாகிப்போன மீஞ்சூர் வட்டாரத்தில் இந்தக் கணக்கை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. நாம் குழந்தைகளுக்கு ராகியை முளைகட்டி மாவாக்குவோமே, அதே வேலை. லேசாக உலர்த்தினால் பிஸ்கட் வாசனை, கருக வறுத்தால் காபி வாசனை. ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. கசப்பும் எலுமிச்சை, மாம்பழ வாசனையும் தருவது அதுதான். இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் நுண்ணுயிர்களுக்கு என்ன பங்கோ, பீரில் ஈஸ்ட்டுக்கு அந்தப் பங்கு. சில ஈஸ்ட் வகைகள் ஐசோஅமைல் அசிடேட் என்ற வேதிப்பொருளை உருவாக்கும். வாழைப்பழத்துக்கு அந்த வாசனையைக் கொடுப்பதும் இதே பொருள்தான். ஆக, பக்கத்து டேபிள்காரர் பந்தா விடவில்லை.

எந்த ரகத்தில் எதைத் தேடணும்?

ஹெஃபவைசன் ஜெர்மன் கோதுமை பீர். கலங்கலாக இருக்கும், அது குறை இல்லை. வாழைப்பழமும் கிராம்பும் வர வேண்டும். விட்பியர் பெல்ஜிய ரகம். அதில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவார்கள். முதல் முறை குடிக்கிற நம்ம ஆள்களுக்கு இது சட்டென்று பிடிப்பதற்குக் காரணம் அந்த மல்லிதான் என்பது என் எண்ணம். ரசத்தில் வளர்ந்த மூக்கு.

ஐபிஏ கசக்கும். பாகற்காய் பிடித்தவருக்கு சீக்கிரம் பிடிக்கும். லேபிளில் ஐபியு என்று ஒரு எண் இருந்தால் அது கசப்பின் அளவு. சாதாரண லாகர் 10 முதல் 20, ஐபிஏ 40 முதல் 70. ஸ்டவுட் கருப்பு. ஃபில்டர் காபி, கருக்கிய வெல்லம் நினைவுக்கு வரும். இலங்கையில் லயன் ஸ்டவுட் உலக அளவில் பேர் வாங்கியது. பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன், பாட்டுப் பாடியவர் இல்லை, வேறு ஒருவர், அதைத் தேடிப் போய்ப் பாராட்டி எழுதினார். சவர் என்றால் புளிப்பு. பழைய சோற்று நீராகாரம் பழக்கமிருந்தால் புளிப்பு பயமுறுத்தாது. கள் ருசி தெரிந்தவர் இன்னும் சுலபமாகப் புரிந்துகொள்வார். ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை.

ருசி பார்ப்பது எப்படி?

பாட்டிலோடு குடித்தால் பாதி ருசி போச்சு. கிளாஸில் ஊற்றி, நுரை வர விடுங்கள். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்துவிடும். ஐபிஏ, ஸ்டவுட் எல்லாம் ஐந்து பத்து நிமிடம் வெளியில் இருக்கட்டும். முதலில் நிறம், பிறகு மோந்து பார்ப்பது, பிறகு ஒரு சின்ன மிடறு. வாயில் சுழற்றி விழுங்கிவிட்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். வாசனை அப்போதுதான் முழுதாகத் தெரியும். வைன் சுவைப்பவர்கள் துப்புவார்கள், பீரில் பொதுவாகத் துப்புவதில்லை. கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பது விழுங்கிய பிறகுதான் தெரியும்.

லேசான ரகத்தில் தொடங்கி கருப்பில் முடிக்க வேண்டும். நடுவில் தண்ணீரும் வெறும் பிரெட்டும். சிக்கன் 65-ஐ ஆர்டர் பண்ணாதீர்கள் என்று சொல்லவில்லை, கடைசியில் சாப்பிடுங்கள். காரம் ஏறிய நாக்கில் கசப்பும் ஆல்கஹாலும் எரிச்சலாக மட்டுமே தெரியும்.

'நல்லா இல்லை'க்கும் 'கெட்டுப்போச்சு'க்கும் என்ன வித்தியாசம்?

கருத்து சொல்வதில் ரொம்ப முக்கியமான இடம் இதுதான். ஐபிஏ கசக்கிறது என்று ஒரு ஸ்டார் போடுவது, பாகற்காய் கசக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது மாதிரி. உங்களுக்குப் பிடிக்கவில்லை, சரி. அது பீரின் தப்பு இல்லை.

உண்மையான குறைகள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் காற்றும் வெப்பமும் பட்டுப் பழசாகிவிட்டது. பாப்கார்ன் வெண்ணெய் வாசனை டையசிட்டில். லாகரில் வந்தால் ஈஸ்ட் வேலை முடியும் முன் அவசரப்பட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் குழாய் சுத்தமில்லை. பச்சை ஆப்பிள் வாசனையும் அவசரத்தின் அடையாளம். வேகவைத்த சோளம் வந்தால் காய்ச்சலில் கோளாறு. நாற்றமடிக்கும் ரப்பர் போல ஒன்று வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. வெள்ளை, பச்சை பாட்டில்கள் ஒளியைத் தடுக்காது, பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும். புளிப்பு ரகம் அல்லாத பீர் வினிகர் போலப் புளித்தால் திருப்பிக் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

வெப்பம்தான் நம்ம ஊரின் பெரிய வில்லன். பீர் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீரை ஏறக்குறைய ஒரே அளவு பழசாக்கும். மே மாதம் மீஞ்சூர் சாலையில் வரிசையில் நிற்கும் லாரியை நினைத்துப் பாருங்கள். அதனால் பாட்டில் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. ஹாப்ஸ் வாசனை சீக்கிரம் போய்விடும் என்பதால் ஐபிஏ-வுக்கு இது இன்னும் முக்கியம்.

எப்படி மார்க் போடுவது?

போட்டி நடுவர்களுக்கான பிஜேசிபி முறையில் மொத்தம் 50 மார்க். ருசிக்கு 20, வாசனைக்கு 12, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10, வாயில் உணரும் கனத்துக்கு 5, தோற்றத்துக்கு வெறும் 3. அழகான கிளாஸில் ஃபோட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் இந்த 3-ஐக் கவனிக்கவும்.

இவ்வளவு வேண்டாம் என்றால் மூன்று வரி போதும். என்ன உணர்ந்தேன், அந்த ரகத்துக்கு அது சரியா, எனக்குப் பிடித்ததா. உதாரணமாக: 'விட்பியர், டிராஃப்ட். மல்லி நல்லா வருது, ஆரஞ்சு இல்லை. கொஞ்சம் தண்ணியா இருக்கு. இன்னொரு தடவை வாங்க மாட்டேன்.' இதைப் படிக்கிறவருக்கு ஏதோ கிடைக்கிறது. 'செம்ம, வேற லெவல்' என்பதில் ஒன்றும் கிடைக்காது.

மற்றவர்கள் போட்ட ஸ்டாரை நம்பலாமா? பாதி நம்பலாம். ஸ்ட்ராங்கான, அரிதான பீர்களுக்கு ஸ்டார் ஏறும், எளிமையான நல்ல லாகருக்கு ஏறாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஆண்டுகள் பீர் ஆர்வலர்களின் கோட்டையாக இருந்த ரேட்பீர் தளத்தில், பட்வைசர் தயாரிக்கும் ஏபி இன்பெவ்வின் கிளை நிறுவனம் பங்கு வாங்கியிருந்தது 2017-ல் வெளியே தெரிந்தது. 'எங்களுக்கு மார்க் போடும் இடத்தில் எங்கள் போட்டியாளரா?' என்று சில சின்ன புரூவரிகள் தங்கள் பெயரையே நீக்கச் சொன்னார்கள்.

நல்ல பீர் இருந்தும் கடையில் ஏன் கிடைக்கவில்லை?

இந்தியாவில் மது மாநில விஷயம். ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். இதன் கடுமையை பிரா அனுபவித்தது. தாய் நிறுவனம் பி9 பெவரேஜஸ் தன் பெயரில் இருந்த 'பிரைவேட்' என்ற ஒரு சொல்லை எடுத்தது. பெயர் மாறினால் லேபிளும் புதிது என்பதால் மாநிலம் மாநிலமாக மறுபடியும் பதிவு செய்ய வேண்டி வந்து, மாதக்கணக்கில் விற்பனை நின்றது. 2023-24 நிதியாண்டில் வருமானம் 638 கோடி ரூபாய், நஷ்டம் 748 கோடி. பெரிய பிராண்டுக்கே இந்தக் கதி என்றால், பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன புரூவரி பக்கத்து மாநிலத்துக்கு வர ஏன் யோசிக்கிறது என்று புரியும்.

எவ்வளவு ஆல்கஹால் உள்ளே போகுது?

லேபிளில் இருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி 5 சதவீதம் வரை சாதாரண பீர், அதற்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். 650 மில்லி, 8 சதவீத பாட்டில் ஒன்றில் சுமார் 41 கிராம் ஆல்கஹால். 60 மில்லி விஸ்கியில் சுமார் 20 கிராம். அதாவது 'பீர்தானே' என்று நினைத்து அடிக்கும் ஒரு பாட்டில், இரண்டு லார்ஜுக்குச் சமம். 90 மில்லி வீதம் நாலு ரகம் ருசி பார்த்தால், சராசரி 6 சதவீதம் என்று வைத்தாலும் சுமார் 17 கிராம்தான்.

ஆனால் அந்த 17 கிராமுக்குப் பிறகும் வண்டி எடுக்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுநாள் காலை ஷிப்டில் கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் தனியாகக் கணக்குப் போடவும். உடல் ஆல்கஹாலை மணிக்குச் சில கிராம் என்ற வேகத்தில்தான் கழிக்கும். மோர், எலுமிச்சை ஜூஸ், குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது.

ரெண்டு பாட்டில் ஊருக்கு எடுத்துட்டு வரலாமா? வீட்டுல காய்ச்சலாமா?

இரண்டுக்கும் பதில் ஒன்றே. புதுச்சேரி, கர்நாடகாவில் வாங்கிய மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டு வருவதும், உரிமம் இல்லாமல் வீட்டில் தயாரிப்பதும் 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 'நண்பனுக்கு ருசி காட்டத்தான் சார்' என்று செக்போஸ்ட்டில் சொன்னாலும் பாட்டில் போய்விடும், வழக்கும் வரலாம். ருசியை அங்கேயே பார்த்துவிட்டு, அந்த மூன்று வரியை மட்டும் போனில் எழுதிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.